போட்டோ பிரிண்டருக்கு லோக்கல் இங்க் ஊத்தலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பிரிண்டர் பத்தி வீடியோ போட்டதுல இருந்து திரும்பத் திரும்ப வர்ற கேள்வி ஒண்ணுதான்: "கம்பெனி இங்க் விலை கட்டுப்படியாகல, வெளியில கிடைக்கிற இங்க்கை ஊத்தலாமா?" ஊத்தலாம். ஆனா உங்ககிட்ட இருக்கறது எந்த வகை பிரிண்டர், மாசத்துக்கு எத்தனை போட்டோ போடறீங்க, இந்த ரெண்டையும் பார்க்காம ஊத்தினா மிச்சம் பிடிச்ச காசு வேற வழியில போயிடும்.

முதல்ல கார்ட்ரிட்ஜ் பிரிண்டர். பிரிண்டரை விலை குறைச்சுக் கொடுத்துட்டு இங்க்ல லாபம் பார்க்கிற வியாபாரம் இது. சின்ன கலர் கார்ட்ரிட்ஜ் பலதுல பத்து மில்லி கூட இருக்காது. விலையை வகுத்து ஒரு மில்லி எவ்வளவுன்னு பாருங்க, தலை சுத்தும். ஹெச்பி, கேனான் வீட்டு மாடல்கள் நிறைய இருக்கு, அதுல பிரிண்ட் ஹெட் கார்ட்ரிட்ஜ்லயே சேர்ந்து வரும். அதனால லோக்கல் இங்க் ஹெட்டைக் கெடுத்தாலும் நஷ்டம் ஒரு கார்ட்ரிட்ஜோட போச்சு. இந்த வகையில ரீஃபில் பண்ண எனக்குத் தயக்கமே இல்ல. ஒண்ணு மட்டும் கவனிங்க: இங்க் சுத்தமா தீர விடக் கூடாது. இந்த ஹெட் சூட்டுல வேலை செய்யுது, இங்க் இல்லாம ஓடினா கருகிடும். ஹெச்பியில சில மாடல்கள்ல 'டைனமிக் செக்யூரிட்டி' இருக்கு. வேற கம்பெனி சிப் போட்ட கார்ட்ரிட்ஜை அது நிறுத்திடலாம். அதனால ஒரிஜினல் கார்ட்ரிட்ஜையே ரீஃபில் பண்றது நல்லது.

எப்சன் எல்805, எல்8050 மாதிரி ஆறு கலர் டேங்க் பிரிண்டர் வச்சிருக்கீங்களா? இங்கதான் நிறைய பேர் கணக்குல சறுக்கறாங்க. டேங்க் இங்க் ஏற்கெனவே மில்லிக்குப் பார்த்தா மலிவு. ஹெட்டோ பிரிண்டருக்குள்ள நிரந்தரமா உட்கார்ந்திருக்கு. அது அடைச்சுக்கிட்டு மாத்தணும்னு வந்தா, புது பிரிண்டரே வாங்கிடலாமான்னு யோசிக்கிற அளவுக்கு பில் வரும்.

கணக்குக்காக ஒரு விலை வச்சுக்குவோம் (உங்க ஊர் விலையை நீங்க போட்டுக்கங்க). 70 மில்லி பாட்டில் ஒரிஜினல் 600 ரூபாய், லோக்கல் 200 ரூபாய். ஆறு பாட்டிலுக்கு வித்தியாசம் 2,400 ரூபாய். ஒரு 4×6 போட்டோவுக்கு அரை மில்லின்னு தாராளமாவே வச்சாலும், 420 மில்லியில 840 போட்டோ வரும். அதாவது ஒரு போட்டோவுக்கு மிச்சம் மூணு ரூபாய்க்கும் கீழ. மாசம் பத்து போட்டோ போடறவருக்கு இருபத்தெட்டு ரூபாய். ரெண்டு டீ! அதுக்காக ஹெட்டைப் பணயம் வைக்கணுமா?

அதே பிரிண்டர்ல வேலை முடிஞ்சு வந்து பர்த்டே போட்டோ, பாஸ்போர்ட் போட்டோன்னு சைடு வருமானம் பார்க்கறீங்க, மாசம் 300 போட்டோ போகுதுன்னா கதை வேற. மாசம் 850 ரூபாய்க்கு மேல மிச்சம். தினமும் ஓடற ஹெட் சீக்கிரம் அடைக்காது. அவங்க தாராளமா மாறலாம், வாரன்ட்டி முடிஞ்ச பிறகு. லோக்கல் இங்க்கால வந்த பழுதுன்னு தெரிஞ்சா சர்வீஸ்ல இலவசமா செய்ய மாட்டாங்க.

கலர் விஷயமும் இருக்கு. பிரிண்டரோட டிரைவர் அந்தக் கம்பெனி இங்க்குக்காக அமைச்சது. வேற இங்க் ஊத்தினா தோல் நிறம் பச்சையடிக்கலாம், இல்ல செவக்கலாம். அந்த இங்க், அந்த பேப்பர் ரெண்டுக்கும் சேர்த்து ஐசிசி ப்ரொஃபைல் போட்டாத்தான் சரியாகும். அது வரைக்கும் வீணாகிற கிளாஸி பேப்பரும் உங்க காசுதான்.

எங்க பாட்டியோட பதினாறாம் நாளுக்கு ஏ4 சைஸ்ல போட்டோ போட்டேன், லோக்கல் டை இங்க்ல. ஜன்னலுக்கு எதிர்ல மாட்டியிருந்தோம். ஒரு வருஷத்துல நீலம் வெளுத்து பாட்டி முகம் செங்கல் நிறமாயிடுச்சு. ஒரிஜினல் ஃபைல் இருந்த போனும் தொலைஞ்சுபோச்சு. கடைசில சித்தி வாட்ஸ்அப்ல இருந்து மங்கலா ஒண்ணு கிடைச்சது. வெயிலும் காத்துல இருக்கிற ஓசோனும் மலிவான டை இங்க்கைச் சீக்கிரம் தின்னுடும். அதனால சுவத்துல மாட்டற போட்டோவுக்கு நான் இப்ப ஒரிஜினல் இங்க்தான்.

மாறினா ஒரே பிராண்டையே தொடர்ந்து வாங்குங்க. டை இங்க் ஓடற டேங்க்ல பிக்மென்ட் இங்க்கைக் கலக்காதீங்க. வாரம் ஒரு தடவை சாதா பேப்பர்ல நாஸில் செக் போடுங்க. பிரிண்டரை அதோட பட்டன்ல ஆஃப் பண்ணுங்க, சுவிட்ச் போர்டுல இல்ல. பட்டன்ல ஆஃப் பண்ணாத்தான் ஹெட் தன் மூடிக்குள்ள போய் உட்காரும், காயாது.

மாசம் பத்து போட்டோகூட இல்லாதவங்க பிரிண்டரே வாங்க வேண்டாம். மொபைல்ல நல்லதாப் பொறுக்கி வச்சுக்கிட்டு, மூணு மாசத்துக்கு ஒருக்கா பக்கத்து லேப்ல மொத்தமா பிரிண்ட் போட்டுடுங்க.