தண்டவாளத்தில் இடைவெளி எங்கே?

வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும் என்ற பாடத்துக்கு நாம் தவறாமல் சொல்லும் எடுத்துக்காட்டு, தண்டவாளங்களுக்கு இடையே விடப்படும் இடைவெளி. ரயில் நிலையத்தை ஒட்டிய ஊரில் அறிவியல் கற்பிக்கும் எனக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. "நம்ம ஊர்த் தண்டவாளத்துல இடைவெளியே இல்லையே சார்?" என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்பார்கள். அவர்கள் பார்த்தது சரிதான். அந்தக் கேள்விக்கு விடை தண்டவாளத்தில் இல்லை; அதன் அடியில் கிடக்கும் சிலீப்பர் கட்டையிலும் ஜல்லியிலும் இருக்கிறது.

பழைய முறையில் 13 மீட்டர் நீளமுள்ள தண்டவாளங்களை ஃபிஷ் பிளேட் வைத்து, போல்ட் போட்டு இணைத்தார்கள். எஃகின் நீள் விரிவு குணகத்தைக் கொண்டு கணக்கிட்டால், 40 டிகிரி செல்சியஸ் வேறுபாட்டுக்கு 13 மீட்டர் எஃகு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும். இணைப்பில் விட்ட இடைவெளி அதற்காகத்தான். ஆனால் ரயிலின் 'தடக் தடக்' ஓசையும் அங்கிருந்துதான் வந்தது. ஒவ்வொரு சக்கரமும் இணைப்பில் மோதி, தண்டவாள முனையைத் தேய்த்தது, போல்ட்டைத் தளர்த்தியது.

இன்று 260 மீட்டர் வரை நீளமுள்ள தண்டவாளங்கள் ஆலையிலிருந்தே வருகின்றன. அவற்றைப் பாதையில் வைத்தே பற்றவைக்கிறார்கள். இதற்குப் பயன்படும் முறைகளுள் ஒன்று, நாம் வேதியியலில் நடத்தும் தெர்மைட் வினை: இரும்பு ஆக்சைடும் அலுமினியத் தூளும் வினைபுரிந்து உருகிய இரும்பைத் தர, அது இரு முனைகளுக்கும் நடுவே வார்க்கப்படுகிறது. இப்படிக் கிலோமீட்டர் கணக்கில் ஒரே தண்டவாளமாகிவிடும்.

அப்படியானால் வெயிலில் அது நீளாதா? நீள முயலும், சிலீப்பர்கள் விடாது. நீளமுடியாமல் அடங்கிய விரிவு, அமுக்க விசையாகத் தண்டவாளத்துக்குள் தங்குகிறது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில், 30 டிகிரி உயர்வுக்கு இந்த விசை 50 டன்னைத் தாண்டும். பிடிமானம் தளர்ந்தால் பாதை பக்கவாட்டில் பாம்புபோல் வளைந்துவிடும். கடும் வெயிலில் ஊழியர்கள் பாதையில் ரோந்து நடப்பது இதனால்தான்.

மரக்கட்டைகளின் பிடி கான்கிரீட் அளவுக்கு உறுதியானதல்ல. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. இந்திய இருப்புப்பாதைகளின் அந்தத் தொடக்க காலத்தில் மரக்கட்டைகள் பரவலாகப் பயன்பட்டன. நம் வெயிலும் மழையும் கரையானும் அவற்றை விட்டுவைக்கவில்லை. அடுத்து, கவிழ்த்த கிண்ணம் போன்ற வார்ப்பிரும்பு சிலீப்பர்களும், தொட்டி வடிவ எஃகு சிலீப்பர்களும் வந்தன. இப்போது பெரும்பாலும் நாம் காண்பவை கான்கிரீட் சிலீப்பர்கள்.

கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசைக்கு வெடித்துவிடும். அதனால் உறுதியான எஃகுக் கம்பிகளை அச்சுக்குள் இழுத்துக் கட்டி, அதன்மேல் கான்கிரீட் ஊற்றுகிறார்கள். இறுகிய பின் கம்பியை விடுவித்தால், அது சுருங்க முயன்று கான்கிரீட்டை இறுக்கிப் பிடிக்கும். ரயில் ஏறும்போது உண்டாகும் இழுவிசை முதலில் இந்த இறுக்கத்தை வெல்ல வேண்டும். எவ்வளவு எளிய தந்திரம்!

இந்த சிலீப்பர் ஒன்று கால் டன்னுக்கு மேல் எடை. மரக்கட்டையைப்போல் மூன்று மடங்கு கனம். முக்கிய வழித்தடங்களில் கிலோமீட்டருக்கு 1660 வீதம் போடுகிறார்கள். தண்டவாளத்தை அதனுடன் சேர்த்து அழுத்திப் பிடிப்பது வில்போல் வளைந்த எஃகு கிளிப். அடியில் அதிர்வைத் தாங்க ரப்பர் அட்டை. சுற்றிலும் கூர்முனையுள்ள கருங்கல் ஜல்லி. உருண்டைக் கூழாங்கல் போட்டால் நழுவிவிடும்; உடைத்த கல்தான் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சிலீப்பரை நகரவிடாமல் வைக்கும். மழைநீரும் அதன் வழியே வடிந்துவிடும்.

இதை விளக்க மாணவர்களைப் பாதையோரம் அழைத்துச் செல்லவே வேண்டாம். வளையக்கூடிய பிளாஸ்டிக் அளவுகோலை நிமிர்த்திப் பிடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளச் சொல்லுங்கள், நடுவில் வளையும். பிறகு ஒரு தட்டில் அதே அளவுகோலை விளிம்பில் நிறுத்தி, இருபுறமும் சிறு ஜல்லியை நெருக்கி நிரப்பித் தள்ளச் சொல்லுங்கள். ஜல்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க, எப்போது வளைகிறது என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள்.