கமர்பந்து விழுங்கிய மங்கை

பொருள் அறியாத அயற்சொல் செவியில் விழுங்கால், அது ஒரு பறவையாகவோ விலங்காகவோ மனத்தில் உருக்கொள்வதுண்டு. இவ்விளையாட்டையே கவிதையாக்கியவர் எட்வர்டு லியர் (1812–1888) என்னும் ஆங்கிலக் கவிஞர். தொழிலால் அவர் ஓவியர்; 1846இல் விக்டோரியா அரசியாருக்கே ஓவியம் பயிற்றியவர். 'ரன்சிபிள்' எனப் பொருளற்ற சொல்லொன்றைப் படைத்து, கரண்டி, தொப்பி, பூனை ஆகிய அனைத்திற்கும் அதனை அடைமொழியாக்கினார். பின்வந்தோர் விட்டார்களா? முள் வைத்த கரண்டி ஒன்றிற்கு அப்பெயரைச் சூட்டி அகராதியிலும் ஏற்றிவிட்டனர்!

1873இல் இந்தியா வந்த லியர், மறு ஆண்டில் மாமல்லபுரத்தையும் தஞ்சையையும் வரைந்தார். இங்கே அவருக்குப் புதுச்சொல் படைக்கும் தேவையே எழவில்லை. ஆங்கிலேயர் இல்லங்களில் அன்றாடம் ஒலித்த சொற்களே போதுமானவையாயின. 1874இல் பம்பாய் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' இதழில் வெளிவந்த 'கம்மர்பண்ட்' என்னும் பாடலில், நங்கை ஒருத்தி 'தோபி'யின்மேல் அமர்ந்து விண்மீனை நோக்குகிறாள். ஆற்றில் பொற்றுடுப்புடைய சப்ராசிகள் நீந்துகின்றன. மரக்கிளையில் பச்சை ஆயாக்கள் அமர்ந்திருக்கின்றன. 'நிமக்' ரீங்கரிக்கிறது. திடீரெனக் கமர்பந்து வாய்பிளந்து வந்து அவளை விழுங்கிவிடுகிறது!

தோபி சலவைத் தொழிலாளர். சப்ராசி வில்லைச் சேவகர். நிமக் நாம் உண்ணும் உப்பு. கமர்பந்தோ பாரசீகச் சொல். 'கமர்' இடை, 'பந்த்' கட்டு, ஆக, இடைக்கச்சை. நாம் வழங்கும் 'பந்தோபஸ்து' என்பதிலுள்ள 'பந்த்'தும் இதுவே. மங்கையை விழுங்கிய பூதம் ஒரு துணிப்பட்டை என்று தெரிந்தவர்க்கே சிரிப்பு இரட்டிப்பாகும். 1877இல் இப்பாடல் நூலில் இடம்பெற்றபோது இங்கிலாந்துச் சிறுவர் ஓசைக்காகச் சிரித்திருப்பர். பம்பாய் வாசகரோ பொருளுக்காகச் சிரித்திருப்பர்.

இதனை ஏளனம் எனலாமோ? முற்றிலும் அவ்வாறு கொள்ள என் மனம் ஒப்பவில்லை. தம் தாய்மொழியையும் இவ்வாறே குலைத்து மகிழ்ந்தவர் அவர். எனினும், உழைப்பாளரின் பெயர்கள் வெற்றோசையாகத் தேய்வது சற்று உறுத்தவே செய்கிறது. 'பிஸ்தி' என்னும் சொல்லைக் காண்க. லியரின் பாடலில் அது கீச்சிடும் சிறு பறவை. உண்மையிலோ, தோல்பையில் நீர் சுமந்து வீடுதோறும் ஊற்றியவர் பிஸ்தி. பாரசீகத்தில் 'பிஹிஷ்த்' என்றால் சுவர்க்கம், பிஹிஷ்தி, சுவர்க்கத்திற்குரியவர். வெயில் கொளுத்தும் நாட்டில் தாகம் தணித்தவருக்கு மக்கள் வழங்கிய பெயர் அது. அவர் முதுகில் சுமந்த 'மஷக்' என்னும் அத்தோல்பையும் இப்பாடலில் உண்டு. இரவெல்லாம் அது துயரக் குரலில் முனகிக்கொண்டிருக்கிறது.