புது டெஸ்க்டாப்: வாங்குறதுக்கு முன்னாடி ஒரு 10 நிமிஷம்

வீடியோ எடிட்டிங், 3டி ரெண்டரிங், லோக்கல்ல ஏஐ மாடல் ஓட்டுறது... இதுக்கெல்லாம் எந்த சிபியு வாங்கலாம், எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம்னு நிறைய பேர் கேக்குறீங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் நின்னா முதல் கேள்வி, "பட்ஜெட் எவ்வளவு சார்?" அதுக்கும் முன்னாடி நீங்களே உங்களைக் கேட்டுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு: இப்போ இருக்கிற மெஷின்ல நீங்க எதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்க? லட்ச ரூபாய்க்கு மேல இஎம்ஐ போட்டு வாங்கியும் அந்தக் காத்திருப்பு குறையலைன்னா, கடன் மட்டும்தான் மிச்சம்.

விண்டோஸ்ல இதைக் கண்டுபிடிக்கிறது சுலபம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வெச்சிட்டு, உங்க வழக்கமான வேலையை 10 நிமிஷம் செய்யுங்க.

மெமரி 90 சதவீதத்தைத் தாண்டுது, கூடவே டிஸ்க்கும் 100லயே நிக்குதா? அப்போ ரேம் பத்தலைன்னு அர்த்தம். இடம் இல்லாம விண்டோஸ் டிஸ்க்கை ரேமா பயன்படுத்திட்டு இருக்கு. ரேம் மட்டும் சேர்த்துப் பாருங்க, புது மெஷினே தேவைப்படாம போகலாம்.

சிபியு கொஞ்சம் ஏமாத்தும். 16 த்ரெட் இருக்கிற சிப்ல ஒரே ஒரு த்ரெட் முழு மூச்சா ஓடினா, மொத்தக் கணக்குல சுமார் 6 சதவீதம்னுதான் காட்டும். "சிபியு சும்மாதானே இருக்கு"ன்னு நினைச்சிடுவோம். கிராஃப் மேல ரைட் கிளிக் பண்ணி லாஜிக்கல் ப்ராசஸர்ஸ்னு மாத்துங்க. எல்லாக் கட்டமும் நிரம்பினா, கோர் அதிகமா இருக்கிற சிப் உதவும். ஒண்ணு ரெண்டு மட்டும் உச்சத்துல இருந்தா, தனி கோரோட வேகம்தான் முக்கியம்.

இதுக்குப் பின்னாடி ஆம்டால் விதின்னு 1967லேர்ந்தே ஒரு கணக்கு இருக்கு. ஒரு வேலையில 10 சதவீதத்தை ஒரே கோர்தான் செய்ய முடியும்னு வெச்சுக்கோங்க. 16 கோர் போட்டா 6.4 மடங்கு வேகம் வரும். 32 கோர் போட்டா? 7.8 தான். கோர் இரட்டிப்பு ஆச்சு, பலன் அந்த அளவுக்கு வரல.

வீடியோ எடிட்டர்ஸ், உங்க கேமரா எந்த ஃபார்மட்ல பதிவு பண்ணுதுன்னு முதல்ல பாருங்க. எச்.265, 10 பிட், 4:2:2ன்னா, டைம்லைன் திக்கித் திணறுறதுக்குக் காரணம் பெரும்பாலும் டிகோடிங்தான். இன்டெல்லோட சமீபத்திய சிப்கள்ல உள்ளேயே இருக்கிற கிராஃபிக்ஸ் இதை நேரடியா டிகோட் பண்ணும். என்விடியால இந்த வசதி ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸ்லதான் வந்துச்சு. இங்கதான் ஒரு பொறி: பேர் கடைசியில 'எஃப்' இருக்கிற இன்டெல் சிப் விலை கம்மி, ஆனா அதுல அந்த கிராஃபிக்ஸே கிடையாது.

ஏஐ மாடல் ஓட்டுறவங்களுக்கு கார்டோட வேகத்தை விட வீ-ரேம் முக்கியம். 700 கோடி பாராமீட்டர் மாடலை 16 பிட்ல ஏத்தினா, வெயிட்ஸுக்கு மட்டுமே 14 ஜிபி வேணும். 12 ஜிபி கார்டு எவ்வளவு வேகமா இருந்தாலும் அதுல முழுசா உக்காராது. அதே மாடலை 4 பிட்டுக்குச் சுருக்கினா, சுமார் 3.5 ஜிபி போதும். மாடலை முடிவு பண்ணுங்க, அப்புறம் கார்டைப் பாருங்க.

கடைசியா ஒண்ணு. பவர் சப்ளை, கூலர், யுபிஎஸ், இந்த மூணுலயும் கஞ்சத்தனம் வேணாம். மே மாச வெயில்ல ஏசி இல்லாத ரூம்ல மணிக்கணக்கா ரெண்டர் ஓடும்போது சூடு ஏறினா, சிப் தன்னோட வேகத்தைத் தானே குறைச்சுக்கும். காசு கொடுத்து வாங்கின வேகம் அங்கேயே போயிடும். பாதி ரெண்டர்ல கரண்ட் போனா என்ன ஆகும்னு நான் சொல்லவே வேணாம்.

கடைக்குப் போறப்போ அந்த 10 நிமிஷத்துல எடுத்த ஸ்கிரீன்ஷாட் உங்க கையில இருக்கட்டும். "பட்ஜெட் எவ்வளவு?"ன்னு கேட்டா, முதல்ல அதைக் காட்டுங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்!