பொண்ணு முகம் சுண்ணாம்பு! புடவை பச்சை! கல்யாண வீடியோவுக்குக் கலர் போடும் புதுப் பையன்கள் சறுக்குவது எங்கே?

கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் கழித்து வீடியோ வந்து சேருகிறது. வீட்டில் எல்லோரும் டி.வி. முன்னால் கூடுகிறார்கள்.

போட்டுப் பார்த்தால் ஒரே ரகளை!

தேடித் தேடி எடுத்த மாம்பழ மஞ்சள் பட்டு, எலுமிச்சங்காய்ப் பச்சையாகத் தெரிகிறது. மாப்பிள்ளை நீலம் பூத்து நிற்கிறார். மாநிறமான பெண்ணின் முகத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு வெளுப்பு.

"இது நம்ம பொண்ணா?" என்று பாட்டி கேட்கிறாள்.

சென்னையில் முகூர்த்த மாதங்கள் முடிந்ததும் பல வீடுகளில் நடக்கும் கூத்து இது. பழி வீடியோ எடுத்தவர் தலையில் விழும். ஆனால் பல சமயம் வினை நடப்பது மண்டபத்தில் அல்ல. அதற்குப் பிறகு ஏதோ ஓர் அறையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு பையன் "கலர் போடும்" போது!

இந்த வேலைக்குக் கலர் கிரேடிங் என்று பெயர். சினிமாக்காரர்கள் "டி.ஐ." என்பார்கள். இன்று கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எந்தப் பையனும் இதைக் கற்றுக்கொள்ளலாம். அரைகுறையாகக் கற்றால் அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் பாழ்.

லேப் காலத்துத் தொழில்

தொழில் புதிதல்ல. பிலிம் காலத்தில் லேபில் "கிரேடர்" என்று ஒருவர் இருப்பார். பிரிண்ட் போடும் மெஷினில் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 விளக்குகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 50 வரை எண். ஒவ்வொரு ஷாட்டுக்கும் எந்த விளக்கு எத்தனை என்று அவர் எழுதிக் கொடுப்பார். அவ்வளவுதான் அவருடைய ஆயுதம்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 2000-ம் ஆண்டு வெளிவந்த "ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்" என்ற ஆங்கிலப் படத்தைக் கோடையில், பச்சைப் பசேல் என்ற இடத்தில் எடுத்தார் கேமராமேன் ரோஜர் டீக்கின்ஸ். கதைக்கு வேண்டியதோ காய்ந்த பூமி. முழுப் படத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, பச்சை இலைகளைக் காய்ந்த மஞ்சளாக்கினார்கள்.

அதற்கு வேண்டிய கருவிகள் அப்போது யானை விலை. டாவின்சி என்ற கம்பெனி 1984-ல் அமெரிக்காவில் புளோரிடாவில் தொடங்கியது. அதன் மெஷின்கள் லட்சக்கணக்கான டாலர். 2009-ல் பிளாக்மேஜிக் என்ற ஆஸ்திரேலியக் கம்பெனி அதை வாங்கியது. 2011-ல் "டாவின்சி ரிசால்வ்" என்ற அந்த சாப்ட்வேரில் ஓர் இலவசப் பதிப்பையே விட்டது.

பெரிய ஸ்டூடியோவில் மட்டும் இருந்த சாமான் அன்றோடு சந்துக்குள் வந்துவிட்டது.

ரெடிமேட் கலர்

இதில்தான் வந்தது வினை!

கற்க வரும் பையன் முதலில் தேடுவது "லட்". ரெடிமேட் சட்டை மாதிரி இது ரெடிமேட் கலர். இந்த நிறம் உள்ளே வந்தால் அந்த நிறமாக வெளியே அனுப்பு என்று எழுதிய ஓர் அட்டவணை. ஒரு தட்டுத் தட்டினால் போதும், "சினிமா லுக்" வந்துவிடும்.

ஆனால் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பல "லட்"கள் "லாக்" என்ற முறையில் எடுத்த வீடியோவுக்காகச் செய்தவை. லாக் வீடியோ வெளுத்துப்போய், சோகை பிடித்த மாதிரி இருக்கும். அதற்கு உப்பு, காரம் போடத்தான் லட். சாதாரண வீடியோ ஏற்கனவே உப்பு, காரம் போட்ட குழம்பு. அதன் தலையிலும் லட்டைக் கொட்டினால்? கறுப்பு கரியாகும், வெள்ளை பொரியும்.

நிழலில் நீலப்பச்சை, முகத்தில் ஆரஞ்சு என்பது ஒரு ஹாலிவுட் பாணி. அதைக் கொண்டுவந்து கல்யாண வீடியோவில் போட்டால் மஞ்சளில் இருக்கும் சிவப்பு குறைகிறது. சிவப்பு குறைந்தால் பச்சை தலைதூக்கும். மாம்பழம் எலுமிச்சங்காய் ஆகும் ரகசியம் இதுதான். மஞ்சள் கயிறும், மஞ்சள் பூசிய முகமும்கூட இதற்குத் தப்பாது.

வேட்டி சொல்லும் உண்மை

அப்படியானால் புதிதாகக் கற்பவர் எங்கே தொடங்க வேண்டும்?

அழகுபடுத்துவதில் அல்ல, சரி செய்வதில்.

மண்டபத்தில் பல விளக்குகள் கலந்து எரியும். பகல் வெளிச்சம் சுமார் 5600 கெல்வின், நீலம் சார்ந்தது. மேடையில் எரியும் மஞ்சள் விளக்கு சுமார் 3200. சில டியூப் லைட்கள் பச்சை அடிக்கும். கேமரா இதில் ஒன்றைத்தான் வெள்ளை என்று நம்பும். மற்றதெல்லாம் சாயம் பூசிக்கொள்ளும்.

சாயத்தைக் கண்டுபிடிக்க ஒரு வெள்ளைப் பொருள் வேண்டும். கல்யாணத்தில் வெள்ளைக்கா பஞ்சம்? மாமாவின் மல் வேட்டி இருக்கிறது. தலை நிறைய மல்லிகைப்பூ இருக்கிறது. பட்டு வேட்டியை மட்டும் நம்பக்கூடாது. அது சந்தன வெள்ளை.

சாப்ட்வேரில் "பரேட்" என்று ஒரு கட்டம் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக வரைந்து காட்டும். வேட்டி இருக்கும் இடத்தில் மூன்றும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். நீலம் மட்டும் எகிறி நின்றால் படம் நீலம் அடிக்கிறது என்று அர்த்தம். கீழே இருக்கும் சக்கரங்களைத் திருப்பிச் சமன் செய்யலாம். "லிப்ட்" இருட்டைப் பார்க்கும். "காமா" நடுவை. "கெயின்" வெளிச்சத்தை.

வெளிச்சம் 0-வில் தொடங்கி 1023-ல் முடியும். வேட்டி மேல்கோட்டில் போய் அப்பளமாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் மடிப்பு போனது போனதுதான். எந்தச் சக்கரமும் அதை மீட்காது.

கண்ணை நம்பாதே!

கணக்கெல்லாம் எதற்கு, கண்ணால் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். தெரியாது!

நீல வெளிச்சத்தைப் பத்து நிமிடம் பார்த்தால் கண் அதையே வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். ராத்திரி 2 மணிக்குப் போட்ட கலர் காலையில் பல்லிளிப்பது அதனால்தான். கண் உறுத்தாமல் இருக்கக் கம்ப்யூட்டரில் மஞ்சள் திரை வைத்துவிட்டு, அதை மறந்தே வேலை செய்பவர்களும் உண்டு. கலர் போடும்போது அதை முதலில் அணைக்க வேண்டும். அறைச் சுவர் ரோஸ் கலராக இருந்தால்கூட கணக்கு தப்பும்.

கறுப்பும் சிவப்பும் ஒரே கோட்டில்!

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் முகம்.

"பொண்ணைக் கொஞ்சம் கலராக் காட்டுப்பா" என்று சில வீடுகளில் கேட்பதுண்டு. கேட்காமலே செய்யும் பையன்களும் உண்டு. முகத்தை மட்டும் பிரித்தெடுத்து வெளிச்சத்தை ஏற்றி, நிறத்தை இறக்குவார்கள். வருவது சிவப்பழகு அல்ல, சாம்பல்!

"வெக்டர்ஸ்கோப்" என்ற வட்டத்தில் நிறங்கள் புள்ளிகளாக விழும். அதில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஒரு கோடு. தோல் கோடு என்று பெயர். வெள்ளைக்காரர் முகம், ஆப்பிரிக்கர் முகம், நம்ம ஊர்க் கறுப்பு, மாநிறம், சிவப்பு எல்லாம் ஏறக்குறைய இந்தக் கோட்டை ஒட்டித்தான் விழும். தோலுக்கு நிறம் கொடுப்பது எல்லோருக்கும் ஒரே ரத்தமும் ஒரே நிறப்பொருளும்தான். வித்தியாசம் பெரும்பாலும் வெளிச்சத்தின் அளவில்.

கறுப்பான முகம் கோட்டில் நின்றால் அது சரியான முகம். வெளுக்க வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

மெஷின்கள் இதில் எப்போதும் யோக்கியமாக இருந்ததில்லை. அமெரிக்காவில் கோடாக் கம்பெனி லேப்களுக்குக் கொடுத்த மாதிரி அட்டையில் பல வருடங்கள் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தார். அவர் முகம் சரியாக வந்தால் கலர் சரி! பல நிறத்தவரும் சேர்ந்திருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது.

திருட்டுப் பிரதி வேண்டாம்

காசு கொடுத்து வாங்கும் பதிப்பை "கிராக்" செய்து இறக்கும் பழக்கமும் இருக்கிறது. கற்றுக்கொள்ள இலவசப் பதிப்பே தாராளம். திருட்டுப் பிரதியோடு வைரஸ் வந்து பைல்களைப் பூட்டிப் போட்டால் முகூர்த்தக் காட்சி மொத்தமும் அம்பேல். மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியுமா?

ஒரு நல்ல செய்தி: சாப்ட்வேரில் என்ன கலர் போட்டாலும் ஒரிஜினல் பைல் மாறாது. அது இருக்கும்வரை எத்தனை முறையும் திருத்தலாம்.

எனவே கல்யாண வீட்டார் செய்ய வேண்டியது மூன்று. முதலில், 5 நிமிட மாதிரியை வாங்கி வீட்டு டி.வி.யிலும் போனிலும் பாருங்கள். இரண்டாவது, புடவையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். மூன்றாவது, ஒரிஜினல் பைல்களைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் கேட்டு வாங்குங்கள். அது கையில் வரும்வரை பாக்கிப் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்!