உப்புக்கும் ஞாபகசக்திக்கும் என்ன சம்பந்தம்?

"கடலோரத்துலதானே இருக்கோம், உப்பளத்து உப்பு இருக்க, பாக்கெட் உப்பு எதுக்கு?" மாமல்லபுரம், செய்யூர் பக்கத்துப் பெண்கள் இப்படிக் கேட்டால் அது நியாயமான கேள்விதான். பதிலுக்கு முன், எலிகளிடம் ஒரு பாடம் கேட்போம்.

1980-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் மோரிஸ் என்ற விஞ்ஞானி, பெரிய வட்டத் தொட்டியில் பால் கலந்த நீரை நிரப்பி, அடியில் ஒரு சிறு மேடையை மறைத்து வைத்தார். எலிகள் நீந்தித் தேடி, சில நாட்களில் அறையில் உள்ள பொருள்களை அடையாளம் வைத்து, நேரே மேடைக்குப் போகக் கற்றுக்கொண்டன. மூளையில் கடல் குதிரை வடிவில் இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி சேதமான எலிகளோ தினமும் சுற்றிச் சுற்றித் தவித்தன. மேடை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போய் ஏறிக்கொண்டன. நீந்தத் தெரியாமல் இல்லை. இடம்தான் மனதில் நிற்கவில்லை!

மூளை கெட அடிபட வேண்டும் என்பதில்லை. கருவுற்ற எலிக்குத் தைராய்டு சுரப்பு குறைந்தாலும், குட்டிகளின் ஹிப்போகேம்பஸ் சரியாக வளராமல், வழி கற்பதில் பின்தங்குகின்றன. அந்தச் சுரப்புக்கு அயோடின் அவசியம்.

நமக்கும் அப்படித்தான். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் சிசுவின் மூளை தாயின் தைராய்டு சுரப்பையே நம்பியிருக்கிறது. அயோடின் மிகவும் குறைந்தால் குழந்தையின் புத்தி வளர்ச்சி பாதிக்கப்படும். பிறகு ஈடுசெய்வது கடினம்.

இப்போது உப்பளத்துக்கு வருவோம். கடல்நீரில் அயோடின் சிறிதளவே உண்டு. காய்ந்து உப்பாகும்போது அனேகமாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதனால்தான் தனியாகச் சேர்க்கிறார்கள். இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் டாக்டர் வி.ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வில், அயோடின் உப்பு கொடுத்த ஊர்களில் கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-ல் தேசியத் திட்டம் வந்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை:

● பாக்கெட்டில் 'அயோடின் கலந்தது' என்று இருக்கிறதா பாருங்கள். கல் உப்பிலும் அப்படிக் கிடைக்கிறது.

● மூடியுள்ள டப்பாவில், அடுப்புக்கும் வெயிலுக்கும் தள்ளி வையுங்கள்.

● குழம்பு இறக்கும் சமயத்தில் உப்புப் போடுங்கள்.

● கர்ப்பிணிக்குத் தினம் 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை. பால், முட்டை, கடல் மீனிலும் உண்டு.

● அதற்காக உப்பை அள்ளிப் போடாதீர்கள்! அளவு அதேதான், உப்புதான் மாற வேண்டும். தைராய்டு கோளாறு இருந்தால் டாக்டரைக் கேளுங்கள்.

பிள்ளை பள்ளியில் சேர்ந்த பிறகு ஞாபகசக்திக்கு டானிக் தேடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே உப்பு ஜாடியைக் கவனிப்பது நல்லதில்லையா?