மூன்றாம் நாள் ராத்திரி அழுகை! பவுடர் டப்பா வாங்க ஓடும் அப்பாக்கள்

"பால் பத்தல" என்பது பெரும்பாலும் பொய்க் குற்றச்சாட்டு

சென்னை,

பிரசவ வார்டு. ராத்திரி 2 மணி. குழந்தை வீல், வீல் என்று அலறுகிறது. பிறந்து இது மூன்றாவது நாள். தாய்க்கு ஆபரேஷன் தையல் வலி. திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லை.

"அத்தை, இப்பத்தானே குடுத்தேன். மறுபடியும் அழுவுறானே?"

"உனக்குப் பால் ஊறலம்மா. புள்ள என்னத்த குடிப்பான்? பொழுதுக்கும் வெறும் மாரைத்தான் சப்பிக்கிட்டிருக்கான்."

மாமியார் வெளியே போய் மகனிடம் சொல்கிறார். மகன் பைக்கை எடுக்கிறார். விடிய விடியத் திறந்திருக்கும் மருந்துக்கடை. பவுடர் டப்பா ஒன்று. பாட்டில் ஒன்று. அரை மணி நேரத்தில் குழந்தை வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தூங்குகிறது.

"பாத்தியா, பசிதான்!"

தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. குற்றவாளி, தாயின் மார்பு!

இது எந்த ஒரு வீட்டுக் கதையும் அல்ல. பிரசவ வார்டுகளில் வேலை பார்க்கும் நர்சுகளைக் கேட்டால் "தினம் பார்க்கிறதுதானே" என்பார்கள்.

சொட்டுச் சொட்டாக

உண்மையில் நடப்பது வேறு. பிரசவம் ஆனதும் முதலில் சுரப்பது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக இருக்கும். சொட்டுச் சொட்டாகத்தான் வரும். முதல் நாளில் குழந்தைக்கு ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் அளவு போதும். அதன் வயிறு அவ்வளவு சிறியது. நோயை எதிர்க்கும் சக்தி அந்தச் சொட்டுகளில்தான் இருக்கிறது.

வெள்ளைப்பால் நிறைந்து வருவது 2-வது நாளில் இருந்து 4-வது நாளுக்குள். ஆபரேஷன் பிரசவம் என்றால் இன்னும் கொஞ்சம் தாமதம் ஆகலாம். அதற்கு முந்திய ராத்திரிகளில் குழந்தை ஓயாமல் சப்பும். விட்டால் அழும். பால் வற்றிப்போனதால் அல்ல. பாலை வரவழைக்கத்தான் அது அப்படிச் சப்புகிறது. குழந்தை சப்பினால் தாயின் மூளைக்குச் சேதி போகும். சேதி போனால் பால் சுரக்கும். எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு ஊறும்.

அந்த நேரம் பார்த்துத்தான் டப்பா உள்ளே நுழைகிறது! பவுடர் பால் குடித்த குழந்தை 3 மணி நேரம், 4 மணி நேரம் தூங்குகிறது. அந்த நேரம் முழுவதும் மார்பில் சப்பல் இல்லை. சேதி இல்லை. சுரப்பு குறைகிறது. மறுநாள் இன்னொரு பாட்டில். பத்து நாள் இப்படிப் போனால் "பால் பத்தல" என்பது நிஜமாகவே உண்மையாகிவிடும். டப்பா தனக்கு வேண்டிய சாட்சியைத் தானே தயார் செய்துகொள்கிறது.

4 நாளில் காலி

400 கிராம் டப்பா எத்தனை நாள் வரும்? முழுக்கப் பவுடர் பாலிலேயே வளரும் 2 மாதக் குழந்தைக்கு நாலைந்து நாள். மாதத்துக்கு 6, 7 டப்பா. தினக்கூலி வாங்கும் வீட்டில் இது தாங்குமா? தாங்காது. உடனே என்ன செய்கிறார்கள்? 3 ஸ்பூன் போடவேண்டிய இடத்தில் 2 ஸ்பூன் போட்டுத் தண்ணீரைக் கூட்டுகிறார்கள். பாட்டில் என்னவோ வெள்ளையாகத்தான் இருக்கும். குழந்தை இளைக்கும். கேன் தண்ணீர், சரியாகக் கொதிக்க வைக்காத நிப்பிள் என்று சேர்ந்துகொண்டால் வயிற்றுப்போக்கு. அப்புறம் ஆஸ்பத்திரி, குளுக்கோஸ், கடன்.

2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு ஒன்றைச் சொல்கிறது. நாட்டில் 100 பிரசவங்களில் 88-க்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடந்தன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்த குழந்தைகள் 100-க்கு 42 பேர்தான்! டாக்டர் இருக்கிறார், நர்சு இருக்கிறார், கட்டில் இருக்கிறது. குழந்தையை எடுத்து மார்பில் போட்டு, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. தமிழ்நாட்டில் 100-க்கு சுமார் 45 பிரசவம் ஆபரேஷன். மயக்கம் தெளியும் வரை குழந்தை பாட்டி மடியில். அங்கே சேனை காத்திருக்கிறது.

பாட்டி வைத்தியம்

சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ தொட்டு, ராசியான ஒருவர் கையால் குழந்தை நாக்கில் வைப்பதுதான் சேனை. அவர் குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. குணம் வருகிறதோ இல்லையோ, கிருமி வரலாம். அதிலும் தேன், ஒரு வயது முடியாத குழந்தைக்கு ஆபத்து. வசம்பு, ஜாதிக்காய் உரைத்த உரைமருந்து, தெருவில் கூவிக்கொண்டு வந்து சங்கில் ஊற்றும் கழுதைப்பால் எதுவும் 6 மாதம் வரை வேண்டாம். கத்திரி வெயிலில்கூடத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் 100-க்கு 88 பங்கு தண்ணீர்தான். டாக்டர் எழுதிக்கொடுக்கும் சொட்டு மருந்து மட்டும் கொடுக்கலாம்.

பாட்டிமார் சொல்வது எல்லாமே தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பார்கள். வேலூர் டாக்டர்கள் அதைச் சோதித்துப் பார்த்து, உண்மைதான் என்று 1988-ல் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள்! பால்சுறா புட்டு, பூண்டுக் குழம்பு தாராளமாகச் சாப்பிடட்டும். பெற்ற உடம்புக்குத் தெம்பு. ஆனால் குழந்தை சப்பாவிட்டால் சுறா வந்து பால் கொடுக்காது.

3 ஆண்டு ஜெயில்

டப்பாவுக்குச் சட்டம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1992-ல் பார்லிமெண்டில் நிறைவேறியது. 1993 ஆகஸ்டு 1-ந் தேதி அமலுக்கு வந்தது. 2003-ல் இன்னும் இறுக்கினார்கள். அதன்படி குழந்தைப் பால் பவுடருக்கும் பாட்டிலுக்கும் விளம்பரம் கூடாது. இலவச சாம்பிள் கொடுக்கக்கூடாது. ஆஸ்பத்திரி சுவரில் கம்பெனி படம் மாட்டக்கூடாது. டாக்டருக்கோ நர்சுக்கோ கம்பெனி பரிசு கொடுக்கக்கூடாது. டப்பாவின் மேல் குழந்தை படமோ தாய் படமோ போடக்கூடாது. மீறினால் 3 ஆண்டு வரை ஜெயில் என்று எழுதி வைத்தார்கள்.

கடைக்காரர் டப்பா விற்பது குற்றம் அல்ல. "இத வாங்குங்க, இத்தன ரூபா தள்ளுபடி" என்று ஆசை காட்டினால் அது குற்றம். இந்தக் காலத்து மாமியார்களும் அம்மாக்களும் பிள்ளை பெற்றது இந்தச் சட்டம் வந்த சமயத்திலோ அதற்கு முன்போ. கொழுகொழு குழந்தை படம் போட்ட டப்பாவைப் பார்த்து வளர்ந்தவர்கள். கண்ணில் ஒட்டிய அந்தப் படம் லேசில் போகுமா?

எப்படிக் கொடுப்பது?

சொல்லிக்கொடுத்தால் பத்தே நிமிட விஷயம். குழந்தையின் காது, தோள், இடுப்பு ஒரே நேராக இருக்கவேண்டும். வயிறு தாய் வயிற்றோடு ஒட்டவேண்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு குடிக்க விடக்கூடாது. பெரியவர்களே அப்படித் தண்ணீர் குடிக்க முடியாது! வாயை ஆவென்று அகலமாகத் திறந்ததும் மார்பில் சேர்க்கவேண்டும். காம்பு மட்டும் போதாது. சுற்றி உள்ள கருவட்டமும் வாய்க்குள் போகவேண்டும். தாடை மார்பில் அழுந்த வேண்டும். காம்பை மட்டும் கவ்வினால் தாய்க்கு உயிர் போகிற வலி, குழந்தைக்குப் பால் கிடையாது. வலித்தால் சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டு எடுத்துவிட்டு மறுபடி கொடுக்கலாம். ஆபரேஷன் ஆனவர்கள் ஒருக்களித்துப் படுத்தபடி கொடுக்கலாம். குழந்தையைக் கக்கத்தில் இடுக்கினாற்போல் பிடித்தும் கொடுக்கலாம். தையல் மேல் பாரம் விழாது.

ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை. ராத்திரியும் சேர்த்து. காம்பு வெடித்தால் கொஞ்சம் தாய்ப்பாலையே தடவி உலரவிட வேண்டும். மார்பு கல்லாகிப் பால் கட்டிக்கொண்டால் வெந்நீர்த் துணி ஒற்றி, கொஞ்சம் கையால் பீய்ச்சி இளக்கிவிட்டுக் குழந்தையிடம் கொடுக்கவேண்டும். பயந்து நிறுத்தினால் இன்னும் கட்டும். காய்ச்சலும் சிவப்பும் இருந்தால் டாக்டரிடம் போகவேண்டும். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தவேண்டாம்.

பால் போதுகிறதா என்று அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. மூத்திரத்தை எண்ணவேண்டும். 5-வது நாளுக்கு மேல் தினம் 6 தடவையாவது போகவேண்டும். முதல் வாரம் எடை கொஞ்சம் இறங்கும். இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். மூத்திரம் குறைந்தால், எழுப்பினாலும் எழாமல் தூங்கினால், கை கால் வரை மஞ்சள் படர்ந்தால் வீட்டில் வைத்துக்கொண்டு யோசிக்கக்கூடாது. நேராக ஆஸ்பத்திரி. நிஜமாகவே பால் குறைவாக இருக்கும் தாய்மார்களும் உண்டு. பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனவர்கள், தைராய்டு கோளாறு உள்ளவர்கள் சிலர். டாக்டர் பார்த்துச் சொன்னால் பவுடர் கொடுப்பதில் எந்த அவமானமும் இல்லை. கடையில் நிற்கும் பையன் சொல்லிக் கொடுக்கக்கூடாது, அவ்வளவுதான்.

வேலைக்குப் போனால்?

சம்பளத்துடன் பிரசவ லீவு 2017-ல் 26 வாரம் ஆனது. வேலைக்குத் திரும்பிய பிறகு குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் 2 தடவை பால் கொடுக்க நேரம் விடவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. வீட்டு வேலை, பூக்கடை, சித்தாள் வேலை பார்க்கும் பெண்ணுக்கு இதில் எதுவும் கிடையாது. அவர்களுக்கு ஒரு வழி, பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போவது. சென்னை வெயிலில் வெளியே 4 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. பிரிட்ஜில் 24 மணி நேரம். அடுப்பில் வைத்துக் காய்ச்சக்கூடாது. கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, பாலாடையில் புகட்டவேண்டும். பாட்டில் வேண்டாம்.

பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகளை 2015 ஆகஸ்டில் அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா திறந்து வைத்தார். தமிழ்நாடு முழுக்க 350-க்கும் மேல். பல ஊர்களில் அவை பூட்டிக் கிடப்பதாக அதன் பிறகு பத்திரிகைகளில் செய்தி வந்துகொண்டே இருந்தது.

பால் மிஞ்சும் தாய்மார்களுக்கும் ஒரு இடம் இருக்கிறது. 1989-ல் பம்பாய் சயான் ஆஸ்பத்திரியில் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கியது. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் உண்டு. கொடுக்கும் தாய்க்கு ரத்தப் பரிசோதனை செய்வார்கள். பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, பரிசோதித்து, உறைய வைப்பார்கள். குறை மாதத்தில் பிறந்து, தாய்ப்பால் கிடைக்காமல் இன்குபேட்டரில் கிடக்கும் குழந்தைகளுக்கு அது போகிறது. விவரம் கேட்க 104-க்கு போன் செய்யலாம்.