வெள்ளத்தை எதிர்நோக்கும் வீடுகள்

அசாம் மாநிலத்தில், பிரம்மபுத்திரா ஆற்றின் நடுவே மாஜுலி என்னும் பெரிய தீவு உள்ளது. 2016ஆம் ஆண்டு முதல் அது தனி மாவட்டமாக விளங்குகிறது. அங்கு உழவே முதன்மைத் தொழில். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆறு பெருக்கெடுத்துத் தாழ்நிலங்களில் புகும். வெள்ளம் வருமா என்று அங்கு எவரும் வினவுவதில்லை. எவ்வளவு உயரம் வரும் என்றே வினவுவர்.

இத்தீவில் வாழும் மிசிங் பழங்குடியினர் தரையில் கால்களை ஊன்றி, அவற்றின் மீது மூங்கிலால் வீடு கட்டுகின்றனர். இதற்குச் 'சாங் கர்' என்று பெயர். தமிழகத்துத் தினைப்புனத்தில் காவலுக்கு அமைத்த பரணை இது நினைவூட்டும். முன்பு வந்த பெருவெள்ளம் எதுவரை ஏறியது என்பதை முதியோர் காட்டுவர். அதற்கு மேலே வீட்டின் தளம் அமையும். தளத்தின் அடியில் பெண்கள் தறி நெய்வர். பன்றியும் கோழியும் அடைந்திருக்கும். வெள்ளக்காலத்தில் அதே இடத்தில் ஆற்றுநீர் ஓடும்.

எனினும், எல்லா வீடுகளும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. மண்ணில் ஊன்றிய மூங்கில் சில ஆண்டுகளில் உளுத்துவிடும். அதனை மாற்றவும் தளத்தை உயர்த்தவும் மூங்கிலும் ஆள்பலமும் வேண்டும். சொந்த மூங்கில் தோப்பு உடையவர்க்கு இது எளிது. பிறர் விலை கொடுத்து வாங்க வேண்டும். இளைஞர்கள் வேலை தேடிப் பெங்களூருக்கோ சென்னைக்கோ சென்றுவிட்ட வீடுகளில் முதியோரும் பெண்களும் சிறுவருமே இருப்பர். இளைஞர்கள் அனுப்பும் பணம் மூங்கில் வாங்க உதவும். நள்ளிரவில் நீர் ஏறும்போது மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிச் செல்ல அப்பணம் வராது.

படகு உடைய குடும்பம் இறுதிவரை காத்திருக்கலாம். படகு இல்லாதவர் வாழைமரங்களை வெட்டிப் பிணைத்துத் தெப்பம் செய்வர். கைக்குழந்தையோ நடக்க இயலாத பாட்டியோ உள்ள வீட்டார் தெப்பத்தை நம்ப இயலாது. முன்னதாகவே புறப்பட வேண்டும். புறப்பட்டால், மாட்டையும் விதைநெல்லையும் யார் காப்பது? இதனாலேயே எச்சரிக்கையைக் கேட்ட பின்னரும் சிலர் வீட்டை விட்டு அகல்வதில்லை. அதனை அறியாமை என்று கூறுதல் பொருந்தாது.

பயிரிலும் இத்தகைய கணக்கு உண்டு. 'பாவ்' என்னும் ஆழ்நீர் நெல்லின் தண்டு, நீர் உயர உயரத் தானும் நீளும். விளைச்சல் குறைவே, ஆயினும், வெள்ளத்தில் முழுவதும் அழிந்துபோகாது. ஒரே வயலை நம்பி வாழும் குடும்பத்திற்கு அதுவே பெரிது.

கரை அரிப்பினால் நிலத்தையே இழந்தவர்களின் நிலை வேறு. அவர்களுள் பலர் வெள்ளத்தடுப்புக் கரையின் மீது குடிசை அமைத்து வாழ்கின்றனர். தமக்கு உரிமையில்லாத இடத்தில் பொருள் செலவிட்டு உறுதியான வீடு கட்ட எவர் துணிவர்? மழைக்காலம் நெருங்கும்போது ஏனைய வீடுகளில் நெல்லும் விறகும் பரணுக்கு ஏறும். கரைமேட்டுக் குடிசையில் ஒரு தார்ப்பாயும், சமைக்காமல் உண்ணத்தக்க அவலும், அடையாள அட்டைகளும் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களும் வைத்துக் கட்டிய ஒரு நெகிழிப் பையும் ஆயத்தமாக இருக்கும்.